தேதி இல்லாத பேனர்

மடவார் வளாகம், ஸ்ரீவில்லிபுத்தூர்
20 ஜூலை 2025, ஞாயிறு இரவு

அன்புள்ள அக்காவுக்கு,

யோகேஸ்வரி எழுதுவது. படித்ததும் இதைக் கிழித்துப் போட்டுவிடு. உங்கள் ஹாஸ்டலில் குப்பையைத் தரம் பிரிக்கிறீர்களாமே, எந்தத் தொட்டியில் வேண்டுமானாலும் போடு, முழுசாக மட்டும் போடாதே. அப்பா கையில் சிக்கினால் நான் தொலைந்தேன்.

எல்லோரும் தூங்கிவிட்டார்கள். விளக்கைப் போட்டால் தெரிந்துவிடும் என்று ஃபிரிட்ஜ் கதவைக் கால்வாசி திறந்துவைத்து அந்த வெளிச்சத்தில் எழுதுகிறேன். கரண்டை வீணாக்குகிறேன் என்று ஆரம்பிக்காதே. முழங்கால் விறைத்துவிட்டது, அதுவே தண்டனை.

நீ போன் செய்து செய்து பார்த்திருப்பாய். அம்மா போனிலும் உன் நம்பரை அப்பா பிளாக் செய்துவிட்டார். "இனிமே அவ பேச்சு இந்த வீட்டுல கேக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டார். அதனால்தான் கடிதம். நம் தெரு அனுசியா அக்கா தினமும் யூனிவர்சிட்டி பஸ்ஸில் உங்களோடு படிக்க வருகிறாளே, அவளிடம் கொடுத்து அனுப்புகிறேன். பதிலை அவளிடமே கொடு. வேறு யாரிடமும் கொடுக்காதே.

கேம்பஸுக்குள் பிளக்ஸ் பேனரே கூடாது என்று ரிஜிஸ்ட்ரார் போட்ட ஆர்டரில், பசுமைக் குழு மாணவர் ஒருங்கிணைப்பாளர் என்று உன் பெயரும் கையெழுத்தும் இருக்கிறதல்லவா? அதைப் பார்த்ததிலிருந்து அப்பா அப்பாவாக இல்லை. உங்கள் யூனிவர்சிட்டி பேனர் எல்லாம் ராஜபாளையத்தில் நம் கடையில்தான் அடிப்பார்கள் என்று உனக்குத் தெரியாதா? கல்யாணம், காதுகுத்து எல்லாம் மாதத்துக்கு மாதம் கூடும், குறையும். நிலையாக வேலை கொடுத்தது யூனிவர்சிட்டி ஒன்றுதான்.

உனக்கு டி.சி. வாங்கி வீட்டுக்குக் கூட்டி வந்துவிடப் போகிறாராம். போன வாரமே செருப்பை மாட்டிவிட்டார். அம்மாதான் வாசலை மறித்தாள்.

"ஆடி பொறக்கப் போகுது. இந்த நேரத்துல போய் டி.சி. வாங்குனா குடும்பத்துக்கு ஆகாது."

"ஆடியில கல்யாணம் பண்ணக் கூடாது, வீடு குடிபோகக் கூடாது. டி.சி. வாங்கக் கூடாதுன்னு எவன் சொன்னான்?"

"எங்க ஆலங்குளத்துல சொல்லுவாக."

ஆலங்குளத்தில் அப்படி யாரும் சொல்வதில்லை என்று எனக்கும் தெரியும், அப்பாவுக்கும் தெரியும். ஆனாலும் செருப்பைக் கழற்றினார். "சரி. ஆவணி பொறந்து மொத திங்கக்கெழம போறேன்" என்றார். காலண்டரில் பார்த்தேன், ஆகஸ்ட் பதினெட்டு.

அக்கா, அதற்குள் மன்னிப்புக் கேட்டு ஏதாவது எழுதிக் கொடு. நீ படிப்பை விட்டு வந்து இந்த வீட்டில் மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. எனக்கு இப்போதே பயமாக இருக்கிறது.

யோகி


மகளிர் விடுதி
23 ஜூலை

ஏட்டி யோகி,

உன் கடிதத்தில் பாதி அழிந்திருந்தது. எண்ணெய்க் கறையா, கண்ணீரா? தோசை மாவு வாசம் வந்ததால் நான் அழவில்லை.

மன்னிப்புக் கேட்க மாட்டேன். ஏன் என்று உனக்காவது சொல்கிறேன்.

ஏப்ரலில் கலைவிழா முடிந்தது. அன்றைக்கு கேட்டிலிருந்து கலையரங்கம் வரை பிளக்ஸ்தான், மரம் தெரியவில்லை. மறுநாள் யாருக்கும் அவை தேவைப்படவில்லை. நல்லதாகச் சிலதை மாட்டுக் கொட்டகைக்கு என்று எடுத்துப் போனார்கள். மிச்சத்தை எங்கள் ஹாஸ்டலுக்குப் பின்னால் குவித்துக் கொளுத்திவிட்டார்கள். கறுப்புப் புகை ஜன்னல் வழியாக உள்ளே வந்தது. பக்கத்து அறைப் பெண் இருமி இருமிச் சுருண்டுவிட்டாள். மெஸ் வாளிகளில் தண்ணீர் தூக்கிக்கொண்டு ஓடினோம். அணைத்த பிறகு குச்சியால் கிளறினேன். உருகி ஒட்டிக்கொண்ட ஒரு மூலையில் "சத்யயோகா டிஜிட்டல், ராஜபாளையம்" என்று இருந்தது. உன் பெயரும் என் பெயரும்தான், யோகி. சொட்டிக்கொண்டிருந்தது.

மறுநாள் பசுமைக் குழுவில் சேர்ந்தேன்.

அப்பாவை எதிர்த்துச் செய்யவில்லை. ஆர்டரைப் பற்றி நேரில் வந்து பொறுமையாகச் சொல்லலாம் என்றுதான் போனில் பதவி கிடைத்த விஷயத்தை மட்டும் சொன்னேன். அதற்குள் அவரே போன் செய்து, "நீதான் கையெழுத்துப் போட்டியா?" என்றார். "ஆமாப்பா" என்றேன். "சரி, வைக்கேன்" என்று வைத்துவிட்டார். திட்டியிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன்.

இங்கே நாங்கள் செய்வதையெல்லாம் நீ பார்க்க வேண்டும். குளியலறைத் தண்ணீரை வாய்க்கால் வெட்டி வாழைக்குத் திருப்பிவிட்டோம். குலை தள்ளியிருக்கிறது. அது பாய்ஸ் ஹாஸ்டலுக்கா எங்களுக்கா என்று இப்போதே சண்டை. வேப்பங்கன்று நட்டதில் பாதியை ஆடு தின்றுவிட்டது. ஆட்டுக்காரர், "நல்ல கன்னா நட்டுருக்கீக, இன்னும் கொஞ்சம் நடுங்க" என்று பாராட்டிவிட்டுப் போனார்.

இன்னொன்று. அந்த ஆகஸ்ட் பதினெட்டில்தான் முதலாண்டு மாணவர்களுக்கு வரவேற்பு விழா. ரிஜிஸ்ட்ரார் என்னைக் கூப்பிட்டு, "பிளக்ஸ் வேண்டாம்னு சொன்னது நீங்க. அப்ப பேனரும் உங்க பொறுப்பு. கண்றாவியா இருந்துச்சுன்னா மறுநாளே பழையபடி பிளக்ஸ்தான்" என்று சொல்லிவிட்டார். சத்திரப்பட்டியில் மலிவாகத் துணி வாங்கியிருக்கிறோம். சனிக்கிழமை நாங்களே எழுதப் போகிறோம்.

அப்பா டி.சி. வாங்க வரட்டும். அந்தத் துணிப் பேனருக்குக் கீழேதான் நடந்து வர வேண்டும்.

சத்யா


மடவார் வளாகம்
31 ஜூலை, இரவு

அக்கா,

சத்திரப்பட்டியில் மலிவாகக் கிடைக்கும் துணி என்ன துணி என்று உனக்கு யாரும் சொல்லவில்லையா? ஊருக்கே பேண்டேஜ் நெய்து அனுப்புகிற இடத்தில் போய்ப் பேனருக்குத் துணி வாங்கியிருக்கிறீர்கள்!

அனுசியா அக்கா எல்லாம் சொல்லிவிட்டாள். துணியைக் கலையரங்கச் சுவரில் ஒட்டிப் பிடித்துக்கொண்டு எழுதினீர்களாம். துணியை எடுத்துப் பார்த்தால் அதில் ஒன்றுமே இல்லையாம், "வருக வருக" முழுவதும் புதுசாக வெள்ளையடித்த சுவரில் இருந்ததாம். "துணியில எழுதச் சொன்னா சுவத்துல எழுதிட்டீங்களே" என்று ரிஜிஸ்ட்ரார் தலையில் கைவைத்தாராம். நான் தலையணையைக் கடித்துக்கொண்டு சிரித்தேன்.

நம் கடை டிசைனர் ஜெபின் அண்ணன் இதை எங்கேயோ கேட்டு அப்பாவிடம் சொல்லிவிட்டார். அப்பா ஆடிப்பூரத் தேர் பேனர் வேலையில் மூன்று நாளாகத் தூங்காமல் இருந்தார். கேட்டதும் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டார். "காயத்துக்குக் கட்டுற துணியில வருகன்னு எழுதுனா, வாரவன் ஆஸ்பத்திரின்னுல்லா நெனப்பான்!" என்று கண்ணில் தண்ணீர் வருமளவு சிரித்தார். செத்த நேரம் கழித்துத்தான் உன்மேல் கோபமாக இருப்பது ஞாபகம் வந்தது போல. எழுந்து வெளியே போய்விட்டார்.

அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகு என்னால் இதை மறைக்க முடியவில்லை. உன்னிடம் சொல்லக் கூடாது என்று அப்பா வைத்தியநாத சுவாமி பேரில் என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார். சாமி பார்த்துக்கொள்ளட்டும்.

நீ ஒருங்கிணைப்பாளர் ஆனாய் என்று போனில் சொன்னாயே, அன்றைக்கு ராத்திரியே அப்பா உனக்கு ஒரு பிளக்ஸ் அடித்தார். பன்னிரண்டுக்கு எட்டு அடி. இரண்டு பக்கமும் மயில், பின்னால் நம்மூர்க் கோபுரம், நடுவில் நீ. உன் முகப்பருவை ஜெபின் அண்ணன் ஒவ்வொன்றாக எடுத்தார். வாசகம் டைப் செய்தது நான்தான்: "பல்கலைக்கழகப் பசுமைக் குழுவின் மாணவர் ஒருங்கிணைப்பாளராகப் பொறுப்பேற்கும் எங்கள் வீட்டுத் தங்கம் ம. சத்யப்பிரியாவை வாழ்த்தி மகிழும் அப்பா மாரீஸ்வரன், அம்மா ஆனந்தவல்லி, தங்கை யோகேஸ்வரி மற்றும் ஆலங்குளம் தாய்மாமன்கள்."

மறுநாள் உனக்குத் தெரியாமல் கட்டிவிட்டு வரலாம் என்று டாடா ஏஸில் ஏற்றிக்கொண்டு வந்தோம். நானும் வந்தேன். கேட்டில் செக்யூரிட்டி நிறுத்தினார்.

"பிளக்ஸ உள்ள விட மாட்டோம்ணே."

"வாழ்த்து பிளக்ஸு தம்பி. இங்க படிக்கிற பிள்ளைக்குத்தான்."

"யாருக்கா இருந்தாலும் ஆர்டர் இருக்குண்ணே. வேணா பாத்துக்கிடுங்க."

செக்யூரிட்டி அறைக் கண்ணாடியில் ஆர்டரை ஒட்டியிருந்தார்கள். அப்பா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலிருந்து கீழே வரை வாசித்தார். கடைசி வரியில் உன் கையெழுத்து. அங்கேயே நின்றார். செக்யூரிட்டி பாவப்பட்டு, "எந்தப் பிள்ளைக்குண்ணே? போன் பண்ணி வரச் சொல்லட்டா?" என்று கேட்டார்.

அப்பா சொன்னார்: "இல்ல தம்பி. வேற காலேஜு. மாறி வந்துட்டேன்."

திரும்பும் வழியில் டீக்கடையில் நிறுத்தி எனக்கு வடை வாங்கிக் கொடுத்தார். அவர் டீ ஆறிப்போனது. அப்போதுதான் சத்தியம் வாங்கினார்.

வியாபாரம் போன கோபமும் இருக்கிறது அக்கா, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் டி.சி. அதற்காக இல்லை.

எனக்கு ஒன்று தோன்றுகிறது. நீ மகளாக வந்தால் அப்பா பேச மாட்டார். கஸ்டமராக வா. கடைப்படி ஏறின ஆளை அவர் திருப்பி அனுப்பியதே இல்லை. தேர்தல் நேரத்தில் இரண்டு கட்சிக்காரர்களும் ஒரே நேரத்தில் வந்தபோது, ஒருத்தருக்கு டீயும் ஒருத்தருக்குக் கலர் சோடாவும் கொடுத்து உட்கார வைத்தவர். ஒன்பதாம் தேதி சனிக்கிழமை நானும் கடையில் இருப்பேன். தைரியமாக வா.

பேண்டேஜ் துணியோடு வராதே.

யோகி


மகளிர் விடுதி
4 ஆகஸ்ட்

யோகி,

உன் கடிதத்தை மாடிப்படியில் உட்கார்ந்து வாசித்தேன். "மாறி வந்துட்டேன்" என்ற இடத்தில் எழுந்து மொட்டை மாடிக்குப் போய்விட்டேன். பொறவு அந்த மயில்கள் ஞாபகம் வந்து, தனியாக நின்று சிரித்தேன். மேலே துணி எடுக்க வந்த பெண் பயந்து இறங்கிவிட்டாள். தாய்மாமன்களைக்கூட விடவில்லையா?

அந்த கேட்டைத் தினமும் நான் தாண்டுகிறேன் யோகி.

வருகிறேன். மில்லில் நல்ல தடிமனான காடாத்துணி வாங்கிவிட்டோம். இந்த முறை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்துத்தான் வாங்கினோம்.

சத்யா


மகளிர் விடுதி
9 ஆகஸ்ட், சனிக்கிழமை

கோழைக்கு,

"தைரியமாக வா" என்று எனக்கு எழுதிவிட்டு, வயிற்றுவலி என்று வீட்டிலேயே படுத்துக்கொண்டாயாமே! ஜெபின் அண்ணன் சொன்னார். சரி, நீ தவறவிட்டதைக் கேள்.

குழுவில் இருக்கும் தனுஷ்கோடியைத் துணைக்குக் கூட்டிப் போனேன். அவனுக்கு அது என் அப்பா என்று தெரியாது. அப்பா நிமிர்ந்தார். என்னைப் பார்த்தார். பார்வையை அவன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"வாங்க தம்பி. உக்காருங்க. என்ன சைஸு?"

"இருபதுக்கு ஆறு சார். துணியில வேணும்."

"துணியில அடிக்கிறதில்ல. நூலு பறந்து மை பீச்சுற ஹெட்டுல ஒட்டுச்சுன்னா மிசினு போச்சு."

"கஞ்சி போட்டு நூல அமுக்கிட்டா?" என்றேன் நான்.

"மேடம் மிசின் ஓட்டியிருக்காகளோ?"

"இல்ல சார். எங்கப்பா ஓட்டுவாரு."

ஜெபின் அண்ணன் கையிலிருந்து மவுஸ் விழுந்தது. அப்பா பேனாவை எடுத்தார்.

"வாசகம்?"

"முதலாண்டு மாணவர்களே, வருக."

"தேதி?"

"வேண்டாம் சார்."

"வருசம்?"

"வேண்டாம்."

"துணைவேந்தர் போட்டோ?"

"யார் போட்டோவும் வேண்டாம் சார்."

"தேதியும் இல்ல, ஆளும் இல்ல. இது பேனரா, ஜன்னல் திரையா?"

"தேதி இல்லைன்னா வருசா வருசம் இதையே கட்டலாம் சார்."

அப்பா கண்ணாடியைக் கழற்றினார். முதல் முறையாக என் முகத்தை நேராகப் பார்த்தார். "அப்ப அடுத்த வருசம் எங்கிட்ட வர மாட்டீக."

அவர் சொன்னது உண்மைதான் யோகி. சமாதானமாக ஏதாவது சொல்லலாம் என்று வாய் வரை வந்தது, முழுங்கிவிட்டேன். "இந்தப் பேனருக்கு வர மாட்டோம் சார்" என்றேன். "ஆனா துணியில அடிச்சுக் குடுக்க இந்தப் பக்கம் ஒரு கடையும் இல்ல. எங்க டிபார்ட்மென்ட்டு எல்லாம் எங்க அடிக்கன்னு முழிச்சிக்கிட்டு இருக்கு."

அவர் காடாத்துணியின் ஓரத்தை விரலால் தேய்த்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். "வச்சுட்டுப் போங்க. அடிச்சுப் பாக்கேன். வரலைன்னா வரலைன்னு சொல்லுவேன்."

பொறவு கடைப் பையனைக் கூப்பிட்டு டீ சொன்னார். "தம்பிக்கு ஸ்ட்ராங்கா. மேடத்துக்குச் சீனி கம்மியா."

நான் சீனியைப் பற்றி வாயே திறக்கவில்லை.

வெளியே வந்ததும் தனுஷ்கோடி, "ஓனர் ரொம்ப மொறைக்காரு, ஆனா நல்ல மனுசன்" என்றான்.

சத்யா


மடவார் வளாகம்
13 ஆகஸ்ட், இரவு

அக்கா,

வயிற்றுவலி உண்மைதான். பயத்தில் வந்த உண்மையான வயிற்றுவலி.

வீட்டில் நடப்பதைக் கேள். தினமும் சாதம் வடித்த கஞ்சியை அப்பா கேனில் ஊற்றிக் கடைக்குக் கொண்டு போகிறார். அம்மா, "அவியளுக்கு என்ன ஆச்சு, கஞ்சிக்குக் காவல் இருக்காக" என்கிறாள். முதல் தடவை மை பரவி, "வருக" என்ற எழுத்து மை போட்ட கண்ணோடு அழுத மாதிரி வந்ததாம். இரண்டாவது தடவை துணி சுருங்கி மெஷினுக்குள் மாட்டிக்கொண்டதாம். மொட்டை மாடி முழுக்கக் கஞ்சி போட்ட துணி காய்கிறது. எதிர் வீட்டுக்காரர், "என்ன மாரீஸ்வரன், எம்புட்டு வேட்டி! கட்சியில சேந்துட்டீரா?" என்று கேட்டார்.

நேற்று மாட்டியிருப்பேன். எழுதிக்கொண்டிருக்கும்போது அப்பா அடுப்படிக்கு வந்துவிட்டார். கடிதத்தைக் கத்தரிக்காய்க்கு அடியில் சொருகினேன்.

"என்னட்டி பண்ணுத?"

"தண்ணி குடிக்கேன்ப்பா."

"குடிச்சுட்டு வா. ஒண்ணு காட்டுதேன்."

ஒரு முழத் துணி. அதில் "வ" என்ற ஒரு எழுத்து மட்டும், கரும்பச்சையில், விளிம்பு கொஞ்சமும் கலையாமல். "கஞ்சியில கொஞ்சம் புளியங்கொட்டைப் பசை சேத்தேன். நிக்கிது பாரு" என்றார். புதுசாக நீச்சல் பழகினவர் மாதிரி முகம். நானும் அந்த எழுத்தைத் தடவித் தடவிப் பார்த்தேன்.

இதோடு முடித்திருந்தால் நன்றாக இருக்கும். ஆனால் இன்றைக்கு வெள்ளைச் சட்டையை அயர்ன் செய்யக் கொடுத்திருக்கிறார். அம்மா கேட்டாள்: "திங்கக்கெழம பேனருக்குப் போறீகளா, டி.சி.க்குப் போறீகளா?"

"ரெண்டுக்கும்தான்" என்றார்.

அம்மாவிடம் ஆலங்குளத்துச் சாஸ்திரம் எதுவும் மிச்சமில்லை. திங்கட்கிழமை எனக்குப் பள்ளிக்கூடத்தில் பரீட்சை. என்னால் வர முடியாது. என்ன நடந்தாலும் அன்றைக்கே எழுதிவிடு, அனுசியா அக்காவுக்காகத் தெருமுனையில் நிற்பேன்.

யோகி


மகளிர் விடுதி
18 ஆகஸ்ட், திங்கட்கிழமை

யோகி,

அனுசியா பஸ்ஸைப் பிடிக்க நிற்கிறாள். வேகமாக எழுதுகிறேன்.

காலையில் அப்பா கலையரங்க வாசலுக்கு வந்தார். வெள்ளைச் சட்டை, ஜெபின் அண்ணன், ஒரு மூங்கில் ஏணி. எங்கள் பையன்கள் கயிறு கட்டியிருந்த லட்சணத்தைப் பார்த்துவிட்டு, "இது பேனர் கட்டுற முடிச்சா, ஆட்டுக்குட்டி கட்டுற முடிச்சா?" என்று அத்தனையையும் அவிழ்க்கச் சொன்னார். அவரே ஏணியில் ஏறினார். என்னோடு ஒரு வார்த்தை இல்லை. நான் கீழே நின்று கயிறு எடுத்துக் கொடுத்தேன், வாங்கிக்கொண்டார்.

பேனரை விரித்தபோது காற்று வந்தது. பிளக்ஸ் என்றால் படபடவென்று அடிக்கும். இது மெதுவாக மூச்சு விடுவது போல உப்பி அடங்கியது. கரும்பச்சை எழுத்து, வெயில் பட்ட காடாத்துணி. புதுப் பிள்ளைகள் உள்ளே வந்து அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். தனுஷ்கோடி விசிலடித்தான். மை வாசம் மட்டும் இன்னும் எனக்கு உறுத்துகிறது. அதற்கும் ஒரு வழி பார்க்க வேண்டும்.

என்னால் சந்தோஷப்படக்கூட முடியவில்லை. ஆபீஸ் ஜன்னல் திறந்துவிட்டது. டி.சி. கேட்கும் மனு இருக்கும் என்று அப்பாவின் சட்டைப் பையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போது ரிஜிஸ்ட்ரார் வந்தார். துணியை இழுத்துப் பார்த்தார். சுவரில் இன்னும் முழுசாக மறையாத பழைய "வருக வருக"வையும் பார்த்தார்.

"நல்லா இருக்கே. எத்தனை வருசம் தாங்கும்?"

"விழா முடிஞ்சதும் அவுத்து, மடிச்சு வச்சா மூணு வருசம் தாங்கும் சார்" என்றார் அப்பா, ஏணி மேலிருந்து.

"யாரு மடிச்சு வைக்கப் போறா? பசங்க இன்னைக்கு ஆர்வமா இருப்பாங்க, நாளைக்கு மறந்துருவாங்க. கிழிஞ்சா யாரைக் கேக்க?"

அப்பா முடிச்சை இறுக்கிக்கொண்டே இருந்தார். இறுக்கின முடிச்சை இன்னொரு தடவை இறுக்கினார்.

"இந்தப் பிள்ளையக் கேளுங்க சார். இன்னும் ரெண்டு வருசம் இங்கனதான் படிப்பா. மறக்க மாட்டா. நான் கேரண்டி."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எம் மக சார்."

தனுஷ்கோடி வாயைத் திறந்தபடி என்னைப் பார்த்தான். ரிஜிஸ்ட்ரார் அப்பாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஆர்டரில் இருந்த கையெழுத்து ஞாபகம் வந்திருக்க வேண்டும், சிரிக்கத் தொடங்கிவிட்டார். கண் கலங்கி ஏணியை விட்டுவிட்டேன் போலிருக்கிறது. ஏணி ஆடியது.

"ஏட்டி சத்யா, ஏணியப் பிடி! கீழ விழுந்துரப் போறேன்!"

இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

உன் அக்கா
சத்யா